சீரியல் லைட்டுக்குப் பிடுங்கிய வயர்

ஆயுத பூஜை லீவு முடிந்து கம்பெனி திறந்த காலையில் வினோதாவின் லேப்டாப் மட்டும் திறக்க மறுத்தது. கறுப்புத் திரையில் நாலு வரி ஓடி, 'கெர்னல் பேனிக்' என்று நின்றுவிட்டது. பதினொரு மணிக்குக் கம்பி வாங்குகிற கம்பெனியிலிருந்து ஆய்வுக்கு வருகிறார்கள். மூன்று மாதச் சோதனை ரிப்போர்ட் அத்தனையும் அதற்குள்தான்.

கும்மிடிப்பூண்டியில் கட்டடக் கம்பி உருட்டும் அந்த ஆலையில், அவள் கம்பியைச் சோதிக்கிற லேபுக்கென்று ஒரு கம்ப்யூட்டர் கிடையாது. கேட்டுக் கேட்டு வாய் வலித்து, பிளஸ் டூவில் அரசு கொடுத்த லேப்டாப்பையே அவள் தூக்கிவந்தாள். பேட்டரி செத்து இரண்டு வருஷம். வயர் இருந்தால்தான் உயிர்.

மேனேஜர் சபரிநாதன் தீர்ப்போடுதான் உள்ளே வந்தார். லீவுக்கு முந்தின நாள் இந்தப் பெண் எதையோ அப்டேட் போட்டதாம். ஒரு டிகிரி வாங்கிவிட்டால் எல்லாம் தெரியும் என்ற நினைப்பாம். கம்ப்யூட்டர் பார்க்கிற மதன், ஃபார்மேட் அடித்தால் அரை மணியில் எழுந்துவிடும் என்றான். உள்ளே இருப்பது போனால் போனதுதான். அவளைக் கேட்காமலே கையை நீட்டினான்.

"கைய எடு மதன். இது எங்கூட்டு லேப்டாப்பு."

அப்டேட் போட்டது அவள்தான். பூஜையில் வைத்தே ஆகவேண்டும் என்று மேனேஜர் பிடிவாதம் பிடித்ததால், ஓடி முடிகிறவரை தொடாதீர்கள் என்று சொல்லி, சாமி படத்தின் முன்னால் வைத்துவிட்டு ரயிலுக்குப் போனாள். இன்று காலை அவளுடைய பிளக்கில் வேறு வயர் இருந்தது. சூப்பர்வைசர் சுப்பராயனைக் கூப்பிட்டுக் கேட்டாள்.

"சாமிக்கு சீரியல் லைட்டு போடச் சொன்னாரு மேனேஜரு சாரு. பிளக்கு இல்ல, உன் வயர புடுங்கிக்கினேன்மா."

"அது ஓடிக்கினு இருந்துச்சே, பாக்கலியா?"

"சும்மா எழுத்துதானம்மா ஓடுச்சு."

வினோதாவுக்குப் புரிந்துவிட்டது. கம்ப்யூட்டரை எழுப்பி ஓட்டுகிற அடிப்படை நிரல்தான் கெர்னல்; புதியது பாதி வந்து அறுந்திருக்கிறது. ஆனால் பழையது உள்ளேயே இருக்கும். ஷிஃப்ட் பொத்தானை அழுத்திக்கொண்டு ஆன் செய்தால் இரண்டில் எது வேண்டும் என்று கேட்கும்.

அழுத்தினாள். கேட்கவில்லை. மறுபடியும் அழுத்தினாள். குனிந்து பார்த்தால் ஷிஃப்ட் கீழே இறங்கவே இல்லை. பொத்தான் பொத்தானாகச் சந்தனம் வைத்துக் குங்குமமும் இட்டிருந்தார்கள். உள்ளே இறங்கிக் காய்ந்திருந்தது. துப்பட்டா ஊக்கைக் கழற்றி, வாய்விட்டுச் சொல்ல முடியாததையெல்லாம் அந்தச் சந்தனத்திடம் சொல்லிக் குத்திக் குத்தி எடுத்தாள். மூன்றாம் தடவை பட்டியல் வந்தது. பழைய கெர்னலைத் தேர்ந்தெடுத்தாள். திறந்தது. ரிப்போர்ட் ஒன்றும் போகவில்லை.

ஆய்வுக்கு வந்த அம்மாளிடம் சபரிநாதன், பொண்ணு எதையோ அழுத்திக் கெடுத்துவிட்டதாகவும் எங்கள் மதன் சரிசெய்துவிட்டதாகவும் சிரித்துக்கொண்டே சொன்னார். மதனும் தலையாட்டினான்.

வினோதா ரிப்போர்ட்டுகளைப் பென் டிரைவில் ஏற்றி மேனேஜர் கையில் வைத்தாள். வயரைச் சுற்றி, லேப்டாப்பைப் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தாள்.

"மூணு மாசமும் இதுல கீது சார். இன்னிக்கு வர்ற கம்பிக்கு மதனாண்ட சொல்லி கம்ப்யூட்டரு வைங்க. என்னுது ஊட்டுக்குப் போவுது."

வந்த அம்மாள் பையைப் பார்த்தார், காலியான மேசையைப் பார்த்தார்.

"லேபுக்கு உங்களுக்கு சிஸ்டமே இல்லையா சார்?"

சபரிநாதன் மதனைப் பார்த்தார்.