தீபாவளிக்கு முந்தின நாள் முகாம்

பகலில் பனியன் கம்பெனியில் செக்கிங், மாலையில் கல்லூரியில் புள்ளியியல். இந்தப் பருவத்துக்கு என் செயல்திட்டம், கம்பெனித் தொழிலாளர்கள் குடியிருக்கும் எங்கள் காலனிக் குழந்தைகளுக்கு மழைக்காலக் காய்ச்சல் ஊசியை எந்த நாளில் போட்டால் அதிகம் பேரைச் சேரும் என்று கணித மாதிரி கட்டுவது. கம்பெனி நூறு ஊசி வாங்கித் தருகிறது. தேதியை நான் சொல்ல வேண்டும். என்னை நம்பிக் கொடுத்தபோதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

என்கூடவே இருக்கும் என் அக்கா நதியாவுக்குச் சந்தேகமே இல்லை. அவள் மகன் ரித்தீஷுக்கு மழை வந்தால் மூச்சிளைப்பும் வரும். "மொத ஊசி எம் புள்ளைக்குத்தாம்ல," என்றாள்.

ஒழுங்காகத்தான் கட்டினேன். ஷிப்ட் இருந்தால் யாரும் பிள்ளையைத் தூக்கி வரமாட்டார்கள் என்பதால், பெற்றோரின் ஓய்வு நேரத்துக்கு அதிக மதிப்புக் கொடுத்தேன். அடிக்கடி வீடு மாறும் ஒடிசாக் குடும்பங்களை, நிலையற்றவர்கள் என்று கணக்கிலிருந்து நீக்கினேன். திரும்பத் திரும்பச் சரிபார்த்தும் ஒரே விடை: தீபாவளிக்கு முந்தின நாள். கம்பெனிகள் லீவு, பெற்றோர் எல்லாரும் சும்மா.

தேதியை அனுப்பிவிட்டு, தீபாவளிக்கு ஊருக்குப் போக அதே நாளுக்குக் கோவில்பட்டி பஸ்ஸில் எங்கள் மூவருக்கும் டிக்கெட் போட்டேன். இரண்டுக்கும் தொடர்பு இருப்பதாக என் கணித மாதிரி சொல்லவில்லை. அக்காவிடம் தேதியைச் சொல்வதும் மாதிரியில் ஒரு படியாக இல்லை.

தாராபுரம் தாண்டியதும் அக்கா கேட்டாள்: "ஏலே மாரி, ஊசி எப்பம்?"

"இன்னைக்கு," என்றேன்.

சொன்ன பிறகுதான் சுற்றிலும் பார்த்தேன். பஸ்ஸில் பாதி எங்கள் காலனி. என் மாதிரியில் சும்மா இருந்த பெற்றோர் எல்லாரும் அங்கேதான் சும்மா இருந்தார்கள்.

ரித்தீஷுக்கு ஒன்று எடுத்து வைக்கச் சொல்லி முகாமில் ஊசி போடும் நர்ஸ் ஞானாம்பாளுக்குப் போன் செய்தேன்.

"தீந்துபோச்சுங்க தம்பி. ஒடிசாக்காரங்க ஊருக்குப் போகலீங்களே. கொழந்தைகளைக் கூட்டிட்டு வரிசையா வந்துட்டாங்க. நல்ல நாளாத்தான் பாத்துச் சொல்லியிருக்கீங்க."

லீவு முடிந்து வகுப்பில் சார் பாராட்டினார். ஊசியில் எண்பது சதவீதம் செலவாகும் என்று என் மாதிரி சொன்னது, நடந்தது நூறு. எந்த நூறு குழந்தைகள் என்று அவர் கேட்கவில்லை. நானும் அவரைச் சிரமப்படுத்தவில்லை.

ரித்தீஷ் நேற்றிலிருந்து இருமுகிறான். ஒடிசாக் குடும்பங்களை நான் கணக்கிலிருந்து நீக்கிய கதையையும் அக்காவிடம் சொல்லிவிட்டேன். மூச்சுக்கு மருந்துப்புகை பிடிக்க வைத்துக்கொண்டே அக்கா என்னைப் பார்க்காமல் சொன்னாள்:

"அடுத்த வருசம் கணக்குப் போடையில எம் புள்ளைய அதுல சேக்காதல. வெளிய வச்சிரு. அப்பந்தான் ஊசி கெடைக்கும்."