தலைகீழ்ப் பாதம்

எவாரிஸ்டோவை மன்னித்துவிடும்படி பங்குச் சாமியாரே சொல்லிப் பார்த்துவிட்டார். ஜெனவேவா மசியவில்லை. போர்ச்சுகலில் போர்த்தோ நகரத்துக் கோயில்களைச் சுற்றிக்காட்டிப் பிழைக்கிறவள் அவள். பத்தொன்பது வருடம் அந்த ஏற்ற இறக்கத் தெருக்களில் முழங்கால் தேய நடந்து சேர்த்த கதைகள் அவளுடையவை. இரண்டு கோடைக்காலம் அவளுக்குக் குடை பிடித்துக்கொண்டு, அக்கா அக்கா என்று குழைந்து நடந்த எவாரிஸ்டோ, அத்தனையையும் தன் பெயரில் புத்தகமாகப் போட்டுவிட்டான். அவளுடைய நக்கல்கூட அப்படியே இருந்தது. அவள் பெயர் மட்டும் இல்லை.

போய்க் கேட்டபோது சிரித்தான். "தெரு எல்லாருக்கும் பொதுதானே, அக்கா?"

அந்தச் சிரிப்பை அவள் மறக்கவில்லை. அவன் ஊர் முன்னால் தலைகுனிந்து நிற்பதைப் பார்க்காமல் சாகக் கூடாது என்று வைராக்கியமாக இருந்தாள்.

அவனோ இரண்டாவது புத்தகத்துக்கு அடிபோட்டுக்கொண்டிருந்தான். அவள் கூட்டத்தோடு புனித பிரிஜிதா கோயிலுக்கு வரும் நேரம் பார்த்து, எதிரே காபிக் கடையில் செய்தித்தாளை விரித்துக்கொண்டு உட்காருவான். தாளுக்குப் பின்னால் பேனா ஓடும். நடப்பதை நிறுத்தியே விட்டான். துரைக்கு வெயிலில் சட்டை கசங்கிவிடும் அல்லவா.

ஜெனவேவா ஒரு வாரம் பொறுத்தாள். பிறகு காபிக் கடை வரைக்கும் கேட்கும்படி குரலை உயர்த்தினாள்.

அந்தக் கோயிலின் பக்கச் சுவர் முழுக்க நீல டைல்ஸ். வானதூதர்கள் ஏணியில் இறங்கி வருகிற படம். கடைசித் தூதரின் இடது பாதம் மட்டும் தலைகீழாக, விரல்கள் வானத்தைப் பார்த்தபடி இருக்கும். அதைக் காட்டி அவள் ஒரு கதை சொன்னாள். இருநூற்றைம்பது வருடத்துக்கு முன்னால் இதைப் பதித்த கொத்தனாரின் மகள் செத்துப்போனாளாம். சாவு மணி அடிக்கச் சாமியார் மறுத்துவிட்டாராம். இனி எந்தத் தூதரும் இந்தக் கோயிலில் கால் வைக்கக் கூடாது என்று சபித்து, கொத்தனார் அந்தப் பாதத்தைத் திருப்பிப் பதித்தாராம்.

வடிகட்டின பொய். கேட்டவர்கள் கண் கலங்கினார்கள். காபிக் கடையில் பேனா பறந்தது. பிறகு அவள் கூட்டத்தை மூலை திருப்பி அழைத்துப் போவாள். சற்று நேரத்தில் அங்கிருந்து சிரிப்புச் சத்தம் கேட்கும். எவாரிஸ்டோ அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

மார்ச்சில் புத்தகம் வந்தது. அட்டையிலேயே அந்தப் பாதம். வெளியீட்டு நாளில் நகரசபைக்காரர்களையும் பத்திரிகைக்காரர்களையும் அந்தச் சுவர் முன்னால் நிறுத்தி, ஆவணக் காப்பகத்தில் மூன்று வருடம் தேடிக் கண்டெடுத்த உண்மை என்று கதையைச் சொல்லி முடித்தான் எவாரிஸ்டோ.

ஜெனவேவாவின் அப்பா அல்பானோ, எண்பது வயதுக் கொத்தனார், தொப்பியைக் கழற்றிக்கொண்டு முன்னால் வந்தார்.

"அது நான் பதிச்சதுங்க. தொண்ணூத்தொண்ணுல. பழசு விழுந்து உடைஞ்சிருச்சு. மழை தூறுது, கலவை இறுகுது, அவசரத்துல புதுசைத் தலைகீழா ஒட்டிட்டேன். யாரையும் சபிக்கலைங்க. எம் மக செத்துப்போகவும் இல்ல, இதோ நல்லாத்தான் நிக்கிறா."

ஜெனவேவா பையிலிருந்து உடைந்த பழைய டைலை எடுத்தாள். முப்பது வருடத்துக்கு மேலாக அவர்கள் சமையலறையில் சூப்புச் சட்டிக்கு அடியில் கிடந்தது. சுவரில் இருந்தபடியே நிமிர்த்திப் பிடித்துக் காட்டினாள்: அதே பாதம், விரல்கள் கீழே பார்த்தபடி.

முதலில் ஒருவர் சிரித்தார், பிறகு எல்லோரும். எந்தக் காப்பகம் என்று ஒரு நிருபர் விடாமல் கேட்டார். எவாரிஸ்டோவின் முகம் கழுத்து வரை சிவந்துவிட்டது. ஜெனவேவாவுக்கு வயிறு குளிர்ந்தது.

அவன் அவள் பக்கத்தில் வந்து பல்லைக் கடித்தான். "பொய்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, அக்கா."

"தினமும் சொன்னேனே, தம்பி. முப்பது அடி தள்ளி, அந்த மூலை திரும்பினதும். கூட வந்தவங்க எல்லாரும் கேட்டுச் சிரிச்சாங்க." டைலைப் பத்திரமாகப் பைக்குள் வைத்தாள். "நீ சொன்னது சரிதான், தெரு பொதுதான். ஒரு நாள் நடந்து வந்திருந்தா நீயும் கேட்டிருப்ப."