எட்டாம் லயத்துக்கு ஒரே விலாசம்

கிட்ட வாங்க கண்ணுகளா, அடுப்போரமாக நெருங்கி உட்காருங்க. ராகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் ஒருத்தி கூரை கேட்டுப் போன கதையைச் சொல்கிறேன்.

லோஜினிக்கு அது எட்டாவது மாதம். புருஷனுக்குக் கொழும்பில் கடை வேலை. புயலில், லயம் என்கிற வரிசை வீட்டில் அவள் இருந்த ஒற்றை அறைக் காம்பராவின் கூரைத் தகரமெல்லாம் பறந்துபோயிருந்தது. பிறக்கப்போகும் பிள்ளையைக் கிடத்த நனையாத ஒரு மூலை வேண்டும். அவ்வளவுதான் அவள் ஆசை. கூரை திருத்த அரசாங்க மானியம் உண்டு, ஒன்லைனில்தான் கேட்க வேண்டும், இன்றைக்கு நாலு மணியோடு சரி என்று கேள்விப்பட்டதும் பஸ் ஏறி, டவுனில் பெற்றீசியாவின் போட்டோக்கொப்பிக் கடைக்கு வந்துவிட்டாள்.

படிவத்துக்குப் பெற்றீசியா விலாசம் கேட்டதும், “எட்டாம் லயம், கீழ்ப்பிரிவு” என்றாள். அந்த லயத்துப் பத்துக் காம்பராக்காரர்களும் எதற்கும் அதைத்தான் எழுதுவார்கள்.

பெற்றீசியா அதைக் கம்ப்யூட்டரில் அடித்துப் பார்த்தாள். “இந்த விலாசத்துல ஏற்கெனவே போட்டாச்சாம் தங்கச்சி. ஒரு விலாசத்துக்கு ஒண்ணுதான். போன வாரம் உங்க கணேசமூர்த்தி அண்ணன் இங்கதான் வந்து போட்டாரு.”

கணேசமூர்த்தி பக்கத்துக் காம்பரா. நடுவில் ஒரு சுவர்தான்.

“அஞ்சாம் காம்பரான்னு சேர்த்துப் போடுங்கக்கா.”

“எடுக்க மாட்டேங்குது. தோட்டத்துல கதவு நம்பர் குடுத்தாத்தான்.”

லோஜினி தோட்ட ஆபீசுக்குப் போன் போட்டாள். “காம்பராவுக்கு நம்பர் குடுக்க எங்களுக்கு அதிகாரமில்ல, கிராம சேவகரக் கேளு” என்றார் கிளாக்கர். கிராம சேவகரோ, “தோட்டம் குடுத்தாத்தான் நான் பதியலாம்” என்றார். அதற்குள் மணி மூன்றே கால்.

கடைசியில் கணேசமூர்த்தியைப் போனில் கூப்பிட்டு, பெற்றீசியாவுக்கும் கேட்கிற மாதிரி ஸ்பீக்கரில் போட்டாள். அவர் கூரையும் போனதுதான். நடந்ததை மட்டும் சொன்னாள். அவரே கேட்டார். “நான் வாபஸ் வாங்கட்டுமா பிள்ள?”

“வாங்கினா இந்த வருசம் அந்த விலாசத்துக்கே கிடையாது” என்றாள் பெற்றீசியா.

“அப்ப அவளை என் குடும்பத்துல சேர்த்துடுங்க. ஆள் கூடினா தகரமும் கூடத் தருவாங்க.”

கம்ப்யூட்டர் உறவுமுறை கேட்டது. மனைவி, மகள், தாய், சகோதரி.

“மொதல்ல இருக்கிறதை அமுக்கட்டுமா? ஒன் புருஷன் கொழும்புல இருந்து நடந்தே வந்துருவாரு” என்றாள் பெற்றீசியா.

லோஜினிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சகோதரியை அமுக்கினார்கள்.

தகரம் வந்தது, ஒரு காம்பராவுக்கு மட்டும். கணேசமூர்த்தி அதை நடுச்சுவருக்கு மேலே போட்டார். பாதி அவர் பக்கம், பாதி அவள் பக்கம். மழை நாளில் இரண்டு வீட்டாரும் ஆளுக்கொரு பக்கமாக அந்தச் சுவரை ஒட்டியே படுத்தார்கள். பிள்ளையும் அங்கேதான் கண் வளர்ந்தது.

பிறகு தனி வீட்டுத் திட்டத்துக்கு விண்ணப்பம் கேட்டார்கள். பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு லோஜினி போனாள். அடையாள அட்டை நம்பரை அடித்துவிட்டுப் பெற்றீசியா நிமிர்ந்து அவளைப் பார்த்தாள்.

“என்னக்கா?”

“நீ கணேசமூர்த்தி குடும்பத்துல இருக்கியாம். தனியாக் கேக்க முடியாது.”

“பேரை வெட்டிடுங்க.”

“வெட்டினா, வாங்கின தகரத்துக்குப் பொய் சொன்னதா ஆயிடும்மா. ரெண்டு பேருக்கும் வம்பு.”

“எங்க வீட்டுக்காரர் பேர்ல போட்டா?”

“போடலாம்” என்றாள் பெற்றீசியா. “விலாசம் கேக்கும்.”

லோஜினி பிள்ளையை மறுதோளுக்கு மாற்றிக்கொண்டாள். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

இவ்வளவு நேரம் கேட்டிருந்த கண்ணுகளா, உங்கள் வீட்டில் எல்லாரும் கால் நீட்டிப் படுக்க இடம் இருக்கட்டும். எந்த மழை பெய்தாலும் உங்கள் பிள்ளைகள் நனையாமல் தூங்கட்டும்.