புதிரப்பன் வந்த ஞாயிறு

பியூலா டீச்சர் பள்ளிக்கூட வேலை போக மிச்ச நேரத்தில், சிட்லபாக்கம் வீட்டில் தனியாக உட்கார்ந்து வெளிநாட்டுக் கார்ட்டூன்களுக்குத் தமிழ் வசனம் எழுதினாள். வாயசைவுக்குப் பொருந்தினால் போதும், அர்த்தம் எக்கேடும் கெடட்டும் என்பார்கள் ஸ்டூடியோவில்.

அந்த வாரம் கார்ட்டூன் ஹீரோ இரும்புச்சிறகனுக்கு ஒரு புது வில்லன். ஊரெல்லாம் விடுகதை எழுதிவைத்துவிட்டு, விடை கண்டுபிடித்து யாராவது தன்னைத் தேடி வரமாட்டார்களா என்று பாழடைந்த கோபுரத்தில் காத்திருப்பவன். புதிரப்பன் என்று பெயர் வைத்தாள். கொள்ளையெல்லாம் சும்மா சாக்கு. பாவிக்குப் பேச்சுத்துணைக்கு ஆளில்லை.

அவளுக்கும் இல்லை. ஒரே தங்கை ஞானசௌந்தரி இருப்பது கேளம்பாக்கத்தில். அப்பா பார்த்த மாப்பிள்ளையை வேண்டாமென்று வேறொருவரைக் கட்டிக்கொண்டாள் என்று, அந்தக் கல்யாணத்துக்கே போகாமல் வீம்பு பிடித்தவள் பியூலாதான். இத்தனை வருஷம் கழித்து மன்னிப்புக் கேட்க நாக்கு எழவில்லை.

ஆகவே புதிரப்பன் வாயில் ஒரு விடுகதையைப் போட்டாள். "கண்ணை மூடினால் தொடங்கும், கண்ணைத் திறந்தால் முடியும், நடுவில் தோசை கருகும். அது என்ன?" இரும்புச்சிறகன் "தூக்கம்" என்பான். உண்மையான விடை, அப்பாவின் குடும்ப ஜெபம். அவர் ஆரம்பித்தால் லேசில் ஆமென் வராது. சின்ன வயதில் ஜெபத்துக்கு நடுவில் ஞானசௌந்தரி இவள் காதில் கிசுகிசுத்த விடுகதை அது. சிரித்துவிட்டு இருவரும் உதை வாங்கினார்கள். பிள்ளைகளோடு கார்ட்டூன் பார்க்கும்போது அவளுக்குப் புரியும். எஸ்.டி.டி. பூத்திலிருந்தாவது கூப்பிடுவாள்.

ஞாயிறு காலை ஒளிபரப்பு. பியூலா ஆயுசில் முதல் தடவையாக ஆராதனைக்குப் போகாமல் டெலிபோன் பக்கத்திலேயே உட்கார்ந்தாள். புதிரப்பன் விடுகதையைக் கேட்டான். தெருவில் எல்லா வீட்டு டி.வி.யிலும் கேட்டான். அந்த நேரம் பார்த்து சர்ச் மணி அடித்தது. பியூலா தலையில் அடித்துக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமை இந்நேரத்துக்கு ஞானசௌந்தரி எந்தக் காலத்தில் வீட்டில் இருந்திருக்கிறாள்?

இருந்தாலும் அவள் நகரவில்லை. டெலிபோன் மூச்சு விடவில்லை. வீடு அன்றைக்கு ரொம்பப் பெரிதாக இருந்தது.

ஆராதனை முடிந்ததும், சர்ச்சில் மணி அடிக்கும் ஜெபராஜ் கேட்டைத் தட்டினார்.

"என்னக்கா, உடம்பு கிடம்பு சரியில்லையா? உங்க தங்கச்சி வந்திருந்தாங்களே! உங்க பெஞ்சுலதான் உட்கார்ந்தாங்க. பாஸ்டர் ஜெபம் பண்றப்பகூட கண்ண மூடல. வாசலையே பார்த்துக்கினு இருந்தாங்க."

"எங்கே அவ?"

"நீங்க வரலன்னதும் பஸ் ஏறிட்டாங்கக்கா."

பியூலா டி.வி.யை அணைக்கவில்லை, வீட்டைப் பூட்டவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தாள். பஸ் போய்விட்டால் என்ன, அடுத்ததும் கேளம்பாக்கத்துக்குத்தானே போகும்.