நட்டில் ஒரு சிவப்புக் கோடு

எண்ணெய்க்காரர் நல்ல மனிதர். அதில் யாருக்கும் சந்தேகம் இருந்ததில்லை. பதினோரு நாள் முன்புவரை அவருக்கும் இருந்ததில்லை.

அந்தக் கொட்டகையில் இருந்தது ஒரே ஒரு சின்ன விமானம். மேலே ஒன்று, கீழே ஒன்று என்று இரண்டடுக்கு இறக்கை. முன்னால் ஒருவர் உட்காரலாம், பின்னால் ஒருவர். ஆசைப்பட்டு வருகிறவர்களை ஏற்றிக்கொண்டு பைலட்டம்மா ஊரைச் சுற்றிக் காட்டிவிட்டு இறங்குவார். அந்த விமானத்துக்கு வைத்தியம் பார்க்க இரண்டு பேர். பெட்ரோல், ஆயில் சமாசாரமெல்லாம் எண்ணெய்க்காரர். பேட்டரி, ஒயர், ஸ்விட்ச் எல்லாம் கரண்ட்காரர். இருவரும் சகலைகள், அக்காவைக் கட்டியவர் கரண்ட்காரர், தங்கையைக் கட்டியவர் எண்ணெய்க்காரர். "மாமனார் சொத்துன்னு நமக்கு வந்தது இந்த ஒரு உறவுதான் சகலை. பத்திரமா வச்சுக்கணும்" என்பார் கரண்ட்காரர்.

கரண்ட்காரருக்கு ஒரு வழக்கம். எந்த நட்டையும் முறுக்கி முடித்ததும் திருகையும் நட்டையும் சேர்த்துக் குறுக்கே ஒரு சிவப்புக் கோடு இழுப்பார். நட்டு அசைந்தால் கோடு விலகிக் காட்டிக்கொடுத்துவிடும். எல்லா இடத்திலும் செய்கிற வேலைதான். ஆனால் இவர் அதற்கென்று விற்கிற பெயின்ட்டை வாங்க மாட்டார், மனைவியின் நகப்பூச்சுக் குப்பியைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார். என் விரலைவிட அந்த இன்ஜினுக்குத்தான் அலங்காரம் அதிகம் என்று அக்கா தங்கையிடம் குறைப்பட்டுக்கொள்வாள்.

பதினோரு நாள் முன்பு நடந்தது இவ்வளவுதான். பெட்ரோல் வடிகட்டியைக் கழுவ உட்கார்ந்தார் எண்ணெய்க்காரர். கை போகவிடாமல் ஒரு கிளிப் குறுக்கே நின்றது. தடித்த ஒயர் ஒன்றை இரும்புச் சட்டத்தில் உரசாமல் பிடித்து வைத்திருக்கும் கிளிப் அது. கழற்றினார். தொலையாமல் இருக்கத் திருகையும் நட்டையும் அதிலேயே இரண்டு சுற்று மாட்டிச் சட்டைப்பையில் போட்டார். வடிகட்டியைக் கழுவி மாட்டினார், கசிகிறதா என்று மூன்று முறை துடைத்துப் பார்த்தார், ஆயில் அளவு பார்த்தார், இன்ஜின் மூடியைப் பூட்டினார். கிளிப்பைக் கழற்றியதை, செய்த வேலையெல்லாம் எழுதிவைக்கும் நோட்டில் எழுதவில்லை. உடனே மாட்டப்போகிற கிளிப்பை யார் எழுதிக்கொண்டிருப்பார்கள்?

அன்று மாலை நாலாவது சுற்றில் ஒயர் சட்டத்தில் உரசித் தோல் உரிந்து பொறி கிளம்பியது. பைலட்டம்மா மெயின் ஸ்விட்சை அணைத்துவிட்டு, கால்மாட்டில் புகையோடு இறக்கிவிட்டார். முன்சீட்டில் இருந்தவர் இதுவும் காட்சியில் சேர்த்தி என்று நினைத்துக் கைதட்டினாராம். பொறி பறந்த இடத்துக்கும் பெட்ரோல் குழாய்க்கும் நான்கு விரல் தூரம்.

இருவருக்கும் மேலதிகாரியான சீஃப் வந்து பார்த்தார். கிளிப்பைக் காணோம். அதைக் கடைசியாகத் தொட்டவர் என்று நோட்டில் இருந்தது கரண்ட்காரரின் கையெழுத்து. சரியாக முறுக்கவில்லை, ஆட்டத்தில் கழன்று விழுந்துவிட்டது என்று முடிவு கட்டினார்.

"முறுக்கினேன்னுதான் நெனைக்கிறேன்," என்றார் கரண்ட்காரர். "கோடு போட்டேனான்னுதான் ஞாபகம் வரல."

எண்ணெய்க்காரர் பக்கத்தில்தான் நின்றிருந்தார். கிளிப் அவர் நெஞ்சுக்கு நேரே சட்டைப்பையில் இருந்தது. சொல்லத்தான் வாயெடுத்தார். அதற்குள் சீஃப், "நாலு விரல் இந்தப் பக்கம் உரசியிருந்தா ரெண்டு உயிர் போயிருக்கும்" என்றார். எடுத்த வாயை மூடிக்கொண்டார். நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம். இந்த நாளைக்கு என்பது இருக்கிறதே, அதைப்போல வசதியான நாள் உலகத்தில் கிடையாது.

அவர் மனைவி துணி துவைக்கும்போது பையில் அகப்படுவதையெல்லாம் குளியலறை அலமாரியில் ஒரு கிண்ணத்தில் போட்டுவைப்பாள். கிளிப்பும் அதில் போய்ச் சேர்ந்தது.

"என்னங்க, இதுல அக்கா நகப்பூச்சு மாதிரி இருக்கே?"

"உங்க அத்தான் கண்டதுலயும்தான் பூசுவாரு," என்று மென்று விழுங்கினார். அன்றிலிருந்து கிண்ணத்தைப் பார்க்காமல் கை கழுவப் பழகிக்கொண்டார்.

கொட்டகையில் கரண்ட்காரர் தேய்ந்துகொண்டே வந்தார். முறுக்கிய நட்டைக் கழற்றி மறுபடி முறுக்குவார். போட்ட கோட்டைச் சுரண்டிவிட்டு மறுபடி போடுவார். ஒரு பேட்டரி மாட்ட அரை நாள் ஆயிற்று. எண்ணெய்க்காரர் அதைப் பார்த்துக்கொண்டே ஆயில் மாற்றினார், பிளக்கைத் துடைத்தார், வீட்டுக்குப் போனார். வெட்கமாக இருந்தது. வெட்கப்பட்டுக்கொண்டே போனார்.

பதினோராம் நாள் காலை சாப்பிடும்போது மனைவி சொன்னாள். "அக்கா அழறாங்க. அத்தான் தூக்கத்துல எந்திரிச்சு எந்திரிச்சு கேஸை மூடியாச்சான்னு போய்ப் பார்க்கிறாராம். மூடித்தான் இருக்குமாம். இன்னிக்கு வேலைய விட்டுட்டு வந்துடப் போறாராம். என் கையை நானே நம்பல, ஏறிப் போறவங்க எப்படி நம்புவாங்கன்னு கேக்கறாராம். நீங்க சொன்னா கேப்பாருங்க. ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

எண்ணெய்க்காரர் பாதிச் சாப்பாட்டில் எழுந்துபோய்க் கிண்ணத்தில் கையை விட்டார்.

வழியெல்லாம் ஒரு பொய்யைத் தயார் பண்ணினார். சீட்டுக்கு அடியில் கிடைத்தது என்று சொல்லலாமா? அப்படியானால் சகலைதான் முறுக்கவில்லை என்று ஆகிவிடும். நானேதான் கழற்றினேன், ஆனால் சட்டைப்பையில் இருந்ததை இன்றைக்குத்தான் பார்த்தேன் என்றால்? அது கச்சிதம். சகலைக்கு மானம் திரும்பும், தனக்கும் ரொம்பப் போகாது.

கரண்ட்காரர் பேட்டரிப் பக்கம் குந்தியிருந்தார். மேஜைமேல் மடித்த கடிதம், பக்கத்தில் நகப்பூச்சுக் குப்பி. ஒரே நட்டில் ஸ்பானரை வைப்பதும் எடுப்பதுமாக இருந்தார். எண்ணெய்க்காரர் கிளிப்பை அவர் உள்ளங்கையில் வைத்தார்.

ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார் கரண்ட்காரர். திருகின் நுனியில் பாதிக் கோடு, நட்டில் மீதிக் கோடு. நட்டை விரலால் மெல்லத் திருகிக்கொண்டே போனார். இரண்டு பாதியும் ஓரிடத்தில் நேராகச் சேர்ந்தன.

"போட்டிருக்கேன்," என்றார். "முறுக்கிட்டுத்தான் போட்டிருக்கேன், சகலை." முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. "எங்க கெடச்சுது?"

"என் சட்டைப்பையில. வடிகட்டி கழுவறப்ப நான்தான் கழட்டினேன். திரும்ப மாட்டல."

"அட, மறக்கறது சகஜம்தான். இன்னிக்குத்தான் பார்த்தியா?"

வழியெல்லாம் தயார் பண்ணிய பொய்யை அவரே எடுத்து நீட்டுகிறார். ஆமாம் என்றால் போதும். ஆனால் அந்தச் சிரித்த முகத்தைப் பார்த்துக்கொண்டு எண்ணெய்க்காரரால் அதைச் சொல்ல முடியவில்லை.

"இல்ல சகலை. அன்னிக்கே தெரியும். சீஃப் உங்களைக் கேட்டப்ப அது என் பையிலதான் இருந்துச்சு."

சிரிப்பு போய் மறையக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

"பதினோரு நாள்," என்றார் கரண்ட்காரர். "என் கையையே நான் சந்தேகப்பட்டுட்டு இருந்தேன். நீ பக்கத்துல நின்னு பார்த்துட்டு இருந்தே."

"ஆமா."

கரண்ட்காரர் கடிதத்தைக் கிழித்துக் குப்பையில் போட்டார். பேட்டரி நட்டில் ஸ்பானரை வைத்து ஒரே ஒரு தடவை முறுக்கினார். கோடு போட்டார். மறுபடி தொட்டுப் பார்க்கவில்லை.

"சீஃப் உள்ளதான் இருக்காரு. போய்ச் சொல்லிட்டு வா."

"சொல்றேன். என்னை மன்னிச்சிடுங்க, சகலை."

கரண்ட்காரர் ஸ்பானரை எடுத்துக்கொண்டு விமானத்தின் முன்பக்கம் போனார். இன்ஜின் மூடியைத் திறந்து, முந்தின நாள் எண்ணெய்க்காரர் மாட்டிய ஆயில் குழாயின் நட்டில் அதை வைத்து, இறுகியிருக்கிறதா என்று பார்த்தார். பிறகு அடுத்த நட்டுக்குப் போனார். இத்தனை வருஷத்தில் சகலை மாட்டிய நட்டை அவர் சரிபார்த்தது அதுதான் முதல் தடவை.