எட்டாவது இடம் எங்களுடையது

அறிவிப்புப் பலகையில் ஒட்டிய முடிவுப் பட்டியலில் என் படகு எண்ணுக்கு நேரே ‘தகுதி நீக்கம்’ என்று இருந்தது. அண்ணன் படகுக்கு நேரே எட்டு. முதலில் எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. எட்டாவதாக வந்தது நாங்கள். அண்ணனை அந்த ரேஸ் முழுக்க நான் முன்னால் பார்க்கவே இல்லை.

“ஏய், இது நம்ம எட்டுடி!” என்றாள் சுண்டு. அவள் என் படகின் இன்னொரு பாதி. நான் சுக்கான் பிடிப்பேன். அவள் முன்பாயைப் பார்த்துக்கொண்டு, காற்று அடிக்கும்போது விளிம்பில் உடம்பை வெளியே சாய்த்துத் தொங்குவாள். ஆள் குள்ளம், வாய் நீளம்.

அறுபது பாய்மரப் படகுகள் வந்திருந்த ஜூனியர் போட்டி அது. அன்றோடு முதல் முப்பது படகுகள் இறுதிச் சுற்றுக்குப் போகும், மற்றவை மூட்டை கட்ட வேண்டும். அந்த ரேஸுக்கு முன் நாங்கள் முப்பத்து மூன்று, அண்ணன் முப்பத்து நான்கு. எட்டாவது இடம் யார் கணக்கில் விழுகிறதோ அவர்கள் உள்ளே. இரண்டு வருடமாக விடியுமுன் எழுந்து, கை தோல் உரிய உரியக் கயிறு இழுத்தது எல்லாம் இந்த முப்பதுக்காகத்தான்.

குளறுபடி காலையிலேயே ஆரம்பித்துவிட்டது. கரையில் வைத்து அண்ணனின் பெரிய பாய் கிழிந்தது. கோச் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. என் படகிலிருந்த புதுப் பாயைக் கழற்றி அவன் படகில் ஏற்றினார். கிழிந்ததை டேப் போட்டு ஒட்டி என்னிடம் நீட்டினார்.

“அவனுக்குத்தான்மா சான்ஸ் இருக்கு. நீ அனுபவத்துக்கு ஓட்டு.”

நான் அவனைவிட ஓர் இடம் முன்னால் இருந்தேன் என்பதைக் கவனியுங்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் நேரமாகிவிட்டதே என்று வாயை மூடிக்கொண்டேன். அதுதான் நான் செய்த முட்டாள்தனம்.

படகின் எண் பாயில்தான் இருக்கிறது. பாய் மாறினால் எண்ணும் மாறிவிடும், போட்டிக் கமிட்டியிடம் எழுதிக் கொடுக்க வேண்டும். எங்களில் ஒருவருக்கும் அது தோன்றவில்லை. எங்கள் கிளப்பில் எண்ணை யார் பார்க்கிறார்கள்? நேரம் குறிப்பவர் பைனாகுலரில் எங்கள் மூஞ்சியைப் பார்த்து, “அந்தக் குரங்கு வந்துடுச்சு, எழுதிக்கோ” என்பார். அதே பழக்கத்தோடு கடல் தாண்டி வந்துவிட்டோம். இங்கே இருந்தவர்களுக்கு எங்கள் மூஞ்சி தெரியாது, எண்தான் தெரியும். அண்ணன் அவசரப்பட்டு, கொடி இறங்கும் முன்பே துவக்கக் கோட்டைத் தாண்டியிருக்கிறான். அவன் தலைக்கு மேல் என் எண் இருந்தது. தண்டனை எனக்கு வந்தது. நாங்கள் ஒட்டுப்போட்ட பாயை வைத்துக்கொண்டு, வயிறு இழுத்துப் பிடிக்கப் பிடிக்கத் தொங்கி, கடைசியாகத் திரும்பும் மிதவையில் இரண்டு படகுகளை உள்பக்கமாக முந்தி வாங்கிய எட்டு, அவனுக்குப் போனது.

கோச்சிடம் ஓடினேன். அவருக்கு முன்பே தெரிந்திருந்தது.

“சத்தம் போடாத. எண் மாறினதைச் சொன்னா ரெண்டு படகையும் தூக்கிடுவாங்க. நாலு பேர்ல ரெண்டு பேராவது உள்ள போகட்டுமே.”

“அந்த ரெண்டு பேரு நாங்களா இருந்தா இப்படிச் சொல்லுவீங்களா சார்?”

அவர் வேறு பக்கம் திரும்பிக் கயிறு சுற்ற ஆரம்பித்தார். முறையீடு கொடுக்க இன்னும் நாற்பது நிமிடம் இருந்தது.

அதற்குள் என் போன் அடித்தது, அம்மா. அண்ணன் சொல்லியிருக்கிறான், ஏதாவது ஆனால் அவன் செய்யும் முதல் வேலை அதுதான். அம்மா மருந்துக்கடை கவுன்டரில் நின்றபடி பேசினாள்.

“அவனுக்கு இதுதான்டி கடைசி வருஷம். அடுத்த வருஷம் வயசு தாண்டிடும். உனக்கு இன்னும் ரெண்டு வருஷம் இருக்கு. விட்டுக் குடுத்துடு கண்ணு.”

“அவன் கோட்டைத் தாண்டினதுக்கு நான் ஏம்மா வீட்டுக்கு வரணும்?”

“கூடப் பிறந்தவன்டி.”

“சுண்டு அவன்கூடப் பிறக்கலையே. அவ எதுக்கு விட்டுக் குடுக்கணும்?”

போனை வைத்துவிட்டேன். சுண்டு முறையீட்டுப் படிவத்தை என் முன்னால் வைத்தாள். “எழுதுடி. ரெண்டும் போனா போகுது. திருட்டு எட்டு யாருக்கும் வேணாம்.”

எழுதினேன்.

படகுக் கொட்டகைக்கு மேலே ஓர் அறை, நீள மேசை, நான்கு நடுவர்கள். அண்ணனையும் கோச்சையும்கூட விசாரணைக்குக் கூப்பிட்டிருந்தார்கள். அவர்களுக்குத் தலைவியாக இருந்த பெண்மணிக்கு மூக்கு வெயிலில் உரிந்திருந்தது. எனக்குத் தெரிந்த அரைகுறை ஆங்கிலத்தில் எல்லாவற்றையும் சொன்னேன், எண் மாறியதைச் சொல்லாமல் விட்டது எங்கள் தப்பு என்பதையும் சேர்த்து. அவர் அண்ணனைப் பார்த்து, நீ எந்தப் பாயில் ஓட்டினாய் என்று கேட்டார். அவன் கோச்சைப் பார்த்தான். திருதிருவென்று விழித்தான். பிறகு, ஞாபகமில்லை என்றான்.

என் கூடப் பிறந்தவன்! காலையில் எந்தப் பாய் ஏற்றினோம் என்று அவனுக்கு ஞாபகமில்லையாம். யார் காதில் பூ சுற்றுகிறான்? எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழவில்லை. துவக்கக் கோட்டில் எடுத்த வீடியோ இருக்குமே, போட்டுப் பாருங்கள் என்றேன்.

போட்டார்கள். கோட்டைத் தாண்டி நீட்டிக்கொண்டிருந்த என் எண்ணுக்குக் கீழே, பூசணிக்காய் மாதிரி எங்கள் அண்ணனின் தலை. சுண்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

எங்களை வெளியே நிற்க வைத்துவிட்டுப் பேசினார்கள். அந்தப் பத்து நிமிடமும் அண்ணன் என் பக்கம் திரும்பவில்லை. கூப்பிட்டுச் சொன்னார்கள்: எண் மாறியதைத் தெரிவிக்காததற்கு இரண்டு படகுக்கும் எச்சரிக்கை, தகுதி நீக்கம் அவனுக்கு, எட்டு எங்களுக்கு. மொத்தத்தில் இருபத்தெட்டாவதாக நாங்கள் உள்ளே போனோம்.

படியில் இறங்கும்போது அண்ணன் கேட்டான், “இப்ப திருப்தியா உனக்கு?”

“ஆமாடா. ரொம்பத் திருப்தி.”

வலிக்கத்தான் செய்தது, இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் வெட்கமாக இல்லை. வெட்கப்பட வேண்டியவன் நான் இல்லை.

கீழே வருவதற்குள் மறுபடி அம்மா.

“அவன் குரலே சரியில்லடி. சாப்பிட்டானா?”

“பசிச்சா சாப்பிடுவான். நான் எத்தனாவதுன்னு கேளும்மா.”

“அதான் அவன் சொன்னானே.”

“அவன் சொன்னது இருக்கட்டும். நீ என்கிட்ட கேளு.”

“கடையில ஆள் நிக்குது.”

“நிக்கட்டும். நீ கேக்குற வரைக்கும் வைக்க மாட்டேன்.”

அந்தப் பக்கம் யாரோ இருமல் மருந்து கேட்டார்கள். சுண்டு படியில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு காத்திருந்தேன்.

“எத்தனாவதுடி?” என்றாள் அம்மா, மெதுவாக.

“எட்டாவதும்மா!” என்று அந்தப் படிக்கட்டே அதிரும்படி கத்தினேன்.