வெங்காயக் கூடை

என் வீட்டுக்காரரைத் தெருவில் எல்லாரும் ‘ஸ்கேல்’ என்றுதான் கூப்பிடுவார்கள். பிரம்பைக் கண்ணால் அளந்தே வெட்டுவார். அவர் பின்னிய பத்துக் கூடையை வரிசையாக வைத்தால் விளிம்பு எல்லாம் ஒரே மட்டத்தில் இருக்கும். கல்யாணமான புதிதில் நானும் ஆசையாக ஒரு கூடை பின்னினேன். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “நீ பிரம்பைச் சீவிக் குடு, போதும்” என்றார். இருபத்தேழு வருஷமாகச் சீவிக்கொண்டிருக்கிறேன். அந்தக் கோபம் மட்டும் எனக்கு இன்னும் ஆறவில்லை. சண்டை வரும்போதெல்லாம் அதைத்தான் முதலில் எடுப்பேன்.

செவ்வாய்க்கிழமை காலையில் கம்பெனிப் பொண்ணு வந்தாள். எங்கள் கூடைகளை ஆன்லைனில் விற்கிற கம்பெனி. பழைய கடைக்காரர்கள் எல்லாரும் பிளாஸ்டிக்குக்கு மாறிவிட்டதால், இவர்கள் கேட்டால்தான் எங்களுக்கு வேலை. வண்டியிலிருந்து நாலு அட்டைப்பெட்டிகளை இறக்கினாள். எல்லாம் திரும்பி வந்த கூடைகள்.

“என்னம்மா, உடைஞ்சுபோச்சா?” என்று பதறினார் இவர்.

“உடையலை ஐயா. மெஷின்ல செஞ்சதைக் கைவேலைன்னு சொல்லி ஏமாத்துறீங்கன்னு வாங்கினவங்க எழுதுறாங்க. எல்லாம் அச்சு அசலா ஒரே மாதிரி இருக்காம்.”

எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் அடக்கிக்கொண்டேன்.

“இவர் பின்றதை வீடியோ எடுத்தியே, அதைக் காட்டலாமே?” என்றேன்.

“போட்டாச்சு அக்கா. யார் உக்காந்து பாக்குறா? பெட்டியைத் திறந்ததுமே கைவேலைன்னு தெரியணுமாம். கொஞ்சம் முன்னபின்ன இருக்கற மாதிரி ஒரு சாம்பிள் கூடை வெள்ளிக்கிழமைக்குள்ள வேணும். இல்லைன்னா கம்பெனியில வேற ஆள் பாத்துக்குவாங்க. என் கையில ஒண்ணும் இல்லை ஐயா.” பாவம், அவள் செருப்பையே பார்த்துக்கொண்டு சொன்னாள்.

தப்பாகச் செய்வது என்ன பெரிய வித்தையா என்றுதான் நானும் நினைத்தேன். அவர் உட்கார்ந்தார். வேண்டுமென்றே நிற்கிற குச்சிகளில் ஒன்றைச் சுற்றாமல் விட்டுவிட்டுப் பின்னினார். இரண்டு சுற்று போவதற்குள் கை தானாக நின்று, திரும்பிப் போய், விட்ட குச்சியைப் பிடித்துக்கொண்டு வந்தது. “கண்ணை மூடிக்கிட்டுப் பின்னுங்க” என்றேன். அது இன்னும் சுத்தமாக வந்தது. புதன்கிழமை இடது கையால் முயன்றார். பிரம்புதான் ஒடிந்தது. வியாழக்கிழமை, முடித்த கூடை ஒன்றை முழங்காலால் அமுக்கினார். மேலே வண்டி ஏறி நசுங்கின நல்ல கூடை மாதிரி இருந்தது அது. வலது கையைத் தூக்கிப் பார்த்து, “சனியனே” என்றார். இத்தனை வருஷம் எங்களுக்குச் சோறு போட்ட கை அது.

வெள்ளிக்கிழமை அவள் வந்தபோது கொடுப்பதற்கு எங்களிடம் ஒன்றுமே இல்லை. தண்ணீராவது குடித்துவிட்டுப் போ என்று உள்ளே கூப்பிட்டேன். அடுப்படிக்கு வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

“அக்கா, இந்த வெங்காயக் கூடை யார் பின்னினது?”

நான் பின்னின அந்த ஒரே கூடை. ஒரு பக்கம் தொங்கி, விளிம்பு பல் போன வாய் மாதிரி இருக்கும். இவர் ஒருநாளும் அதைத் தொட்டதில்லை. சொல்வதற்குள் அவள் வெங்காயத்தைக் கீழே கொட்டிப் படம் எடுத்துக் கம்பெனிக்கு அனுப்பிவிட்டாள். தம்ளரை நான் கையில் கொடுப்பதற்குள் பதில் வந்தது.

“கைவேலைன்னா இதுதானாம்! மாசம் நாற்பது கேக்குறாங்க அக்கா. ஆனா நீங்கதான் பின்னணும்.”

வேலை தங்கிவிட்டது. அவள் சந்தோஷமாகப் போனாள். நான் வெங்காயத்தைப் பொறுக்குகிற சாக்கில் அடுப்படியிலேயே இருந்தேன். அவருக்கு முன்னால் போய் நிற்க எனக்கு வெட்கமாக இருந்தது.

கூடத்துக்கு வந்து பார்த்தால், நான் உட்காருகிற இடத்தில் அவர் உட்கார்ந்திருந்தார். கையில் என் சீவுகத்தி. பக்கத்தில் ஒரே தடிமனில் சீவி அடுக்கிய பட்டைகள்.

“இந்த அளவு சரியா இருக்குமா உனக்கு?” என்றார்.

அவருடைய பலகையில் உட்கார்ந்து பின்ன ஆரம்பித்தேன். மூன்றாவது சுற்றிலேயே ஒரு குச்சியை விட்டுவிட்டேன். வேண்டுமென்று விடவில்லை, எனக்கு வந்ததே அவ்வளவுதான்.

“விட்டுட்டே பாரு” என்று அவர் கை பாய்ந்து வந்தது. பாதியில் நின்றது. பிறகு மெதுவாகப் பின்னால் போய், மடியில் இருந்த கத்தியைப் பிடித்துக்கொண்டது.

“பிரிச்சு விடுங்களேன்” என்றேன். திட்டினாலும் பரவாயில்லை என்று இருந்தது.

“வேணாம். அதுதான் விக்கும்” என்றார்.

அடுத்த பிரம்பை எடுத்துச் சீவத் தொடங்கினார். நான் பின்னிக்கொண்டு போனேன்.